பெரியப்பாவின் கித்தாரும் பால்வெட்டுக் கத்தியும்



வலிமிகும் இடங்களைப் பற்றி எழுதுவதாகச் சென்ற முறை வாக்களித்திருந்தேன். மன்னிக்கவும், அது அடுத்த முறைக்குத் தள்ளிப்போகிறது. கடந்த நான்கு மாதங்களாக என் வீட்டு முன்கூடத்தில் சாய்ந்துகொண்டிருக்கும் ஒரு பழைய மின்கித்தார் என்னை வேறு எதையும் எண்ணவிடாமல் செய்துவிட்டது. கித்தாருக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். தொடர்பு ஓரிடத்தில் வருகிறது.

என் பெரியப்பா 2011 இல் காலமானார். அதன் பிறகும் பெரியம்மா பூச்சோங்கில் உள்ள குறைந்த விலை அடுக்குமாடி வீட்டிலேயே தனியாக இருந்தார். மூட்டுவலி மிகுந்து, படியேற முடியாமல் போனதால், இவ்வாண்டுதான் கிள்ளானில் இருக்கும் அண்ணன் (பெரியப்பாவின் மகன்) தம்முடைய வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். வீட்டைக் காலி செய்தபோது அலமாரியின் மேலே, பாத்தேக் கைலியில் சுற்றிக் கட்டப்பட்டு, அந்தக் கித்தார் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மைலோ டின். டின்னுக்குள் துருப்பிடித்த ஆணிகள், மூன்று பிரடைகள், வளைந்த இரும்புக் கம்பி ஒன்று, பொன்னிறத் தகடு போட்ட சிறிய பெட்டி போன்ற பொருள் ஒன்று.

“பாப்பா, ஸ்கூல்ல பாட்டு சொல்லிக் குடுக்குறவ நீதான். கொண்டு போயி என்னா ஏதுன்னு பாரு. நல்லா ரிப்பேர் பண்ணி, பழைய போட்டோவுல இருக்கற மாதிரியே ஆக்கிடலாம். செலவு நான் பாத்துக்குறேன்” என்றார் அண்ணன்.

நான் இசை கற்பிக்கிறேன் என்பது உண்மைதான். ஆனால் பயிற்சிக் காலத்தில் நான் கற்றது ரெக்கார்டர் குழல். ஆண்டு 4, 5 மாணவர்களுக்கு இன்றும் சொல்லித் தருவது அதைத்தான். கித்தாரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எட்டு வயதில் பெரியப்பா திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு சுரவரிசை. அதற்குமேல் கேட்டால், “மொதல்ல விரல் காய்க்கட்டும்” என்பார்.

அண்ணன் குறிப்பிட்ட புகைப்படம் 1967 இல் எடுத்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஐந்து இளைஞர்கள், ஒரே மாதிரிச் சட்டை, எண்ணெய் தடவி மேலே சீவிய முடி. நடுவில் பெரியப்பா. கையில் நடுவே வெளிறி விளிம்பில் கருமை பாய்ந்த, பளபளக்கும் கித்தார். அக்காலத்தில் இங்கே கித்தார் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. 1961 இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து சென்ற பிறகு, மலாயாவில் மூலைக்கு மூலை இளைஞர்கள் மின்கித்தாரைத் தூக்கிக்கொண்டார்கள். மலாய்மொழியில் ‘கும்புலான் கித்தார் ரஞ்சாக்’ என்பதைச் சுருக்கிக் ‘குகிரான்’ என்றே ஒரு சொல் பிறந்தது. பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள் முன்னின்று நடத்திய ‘அலிகேட்ஸ்’ குழு பின்னாளில் மலாய்ப் பாடல்களால் நாடறிந்த குழுவாயிற்று. அவர்களைப் போலப் பெயர் பெறாத குழுக்கள் தோட்டத்துக்கு ஒன்று இருந்தன. பெரியப்பாவின் குழு அவற்றில் ஒன்று.

அமெரிக்கக் கித்தார் வாங்கும் வசதி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏது? அவர்களுக்குக் கைகொடுத்தவை ஜப்பானியக் கித்தார்கள். பெரியப்பாவினுடையது டெய்ஸ்கோ. 1940களில் தோக்கியோவில் தோன்றிய நிறுவனம் அது. 1967 இல் கவாய் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. மலிவான பொருள் என்று அன்று ஒதுக்கப்பட்டாலும், அதிலிருந்த பொன்தகடு போர்த்திய பிக்கப்புகளுக்கு (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருளைத்தான் பிக்கப் என்கிறோம்) இன்று தனி மதிப்பு உண்டு. காரணம் ரை கூடர் என்னும் அமெரிக்கக் கலைஞர். விசுவ மோகன் பட்டுடன் இணைந்து 1993 இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டுக் கிராமி விருது பெற்றாரே, அவரேதான். தம்முடைய விலையுயர்ந்த ஃபெண்டர் கித்தாரில் இருந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டு, டெய்ஸ்கோவின் பொன்தகட்டுப் பிக்கப்பைப் பொருத்திக்கொண்டார் அவர். மைலோ டின்னில் கிடந்த பெட்டி அதுதான் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி, கித்தாரின் இன்றைய நிலை. உடல் முழுவதும் நீலச் சாயம். தூரிகை இழுத்த தடம்கூடத் தெரிகிறது. கழுத்தருகே உள்ள பிக்கப் பழையது. கீழே, பாலத்தருகே இருக்க வேண்டியதை எடுத்துவிட்டு, மரத்தை உளியால் அகலமாகக் குடைந்து, பெயர் பொறிக்காத பெரிய பிக்கப் ஒன்றைத் திணித்திருக்கிறார்கள். ஆறு பிரடைகளில் மூன்று வேறு வகை. எல்லாவற்றையும் விட வினோதம் விரற்பலகை. பத்தாவது மெட்டுக்கு மேல், மெட்டுக்கும் மெட்டுக்கும் இடையே, மெல்லிய மூன்று தந்திகளின் கீழ் மட்டும் மரம் சிறு சிறு பள்ளங்களாகச் சுரண்டப்பட்டிருந்தது. கரையான் என்றுதான் முதலில் எண்ணினேன்.

பெட்டாலிங் ஜெயாவில் பழைய கித்தார்களைச் சீர்செய்யும் சீன அன்பர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அறுபது வயது இருக்கும். கித்தாரைத் திருப்பி, கழுத்தைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மலாயில் ஒவ்வொன்றாக விளக்கினார். 1967 இன் தோற்றத்தைக் கொண்டுவர வேண்டுமானால், நீலச் சாயத்தை முழுவதும் அகற்ற வேண்டும். குடைந்த குழியை மரத்துண்டு வைத்து அடைக்க வேண்டும். விரற்பலகையைச் சூடேற்றிப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும். பழைய பிக்கப்பின் சுருளைப் புதிதாகச் சுற்ற வேண்டும். பிறகு மறுபடியும் சாயம். மொத்தம் 2,400 வெள்ளி ஆகும், மூன்று மாதம் பிடிக்கும்.

“செய்து முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் இது 1967 ஆம் ஆண்டுக் கித்தார் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்றார். அவருடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வேலையை மறுத்துப் பேசும் தொழிலாளியை இக்காலத்தில் எங்கே பார்க்கிறோம்!

இன்னொன்றும் சொன்னார். இதைப் பெற்றோர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். அக்காலத்து எனாமல் சாயங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். பழைய கித்தாரோ, நாற்காலியோ, பிள்ளைத் தொட்டிலோ, வீட்டில் வைத்து உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூள் குழந்தைகளுக்கு நஞ்சு. விடுமுறையில் தாமே சாயம் அடிக்கக் கிளம்பும் அப்பாக்கள் சற்று நில்லுங்கள். அதேபோல, பழைய வால்வு ஒலிபெருக்கி வீட்டில் இருந்தால் பிள்ளைகளைத் திறக்க விடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

விலையைக் கேட்ட அண்ணன் சற்றும் தயங்கவில்லை. “செஞ்சிரு” என்றார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் உடனே சொல்லவும் தெரியவில்லை. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கித்தாரையும் மைலோ டின்னையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். பெரியம்மா கித்தாரைத் தொடவில்லை. டின்னைத்தான் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.

“இந்த நீல சாயம் யாரு பெரியம்மா அடிச்சது?”

“வெள்ளத்துக்கு அப்புறம் அடிச்சதுடி.”

1971 சனவரி வெள்ளம். கோலாலம்பூரும் கிள்ளான் ஆற்றங்கரை ஊர்களும் மூழ்கிய வெள்ளம் அது. 1926 வெள்ளத்திற்குப் பிறகு அப்படியொன்றைக் கண்டதில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பள்ளமான இடத்தில் இருந்த லயத்து வீடுகளுக்குள் தண்ணீர் நெஞ்சளவு ஏறியதாம். பெரியம்மா கைக்குழந்தையாக இருந்த அண்ணனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறார். கித்தார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மூன்று நாள் கழித்து வந்து பார்த்தபோது, பளபளத்த மேற்பூச்சு தோல் உரிந்தது போல் கழன்று வந்ததாம். கீழ்ப் பிக்கப் ஊமையாகிவிட்டது. பிரடைகள் மூன்று இறுகிப்போயின. அதை வெயிலில் போடாமல் நிழலிலேயே ஒரு மாதம் காயவைத்திருக்கிறார் பெரியப்பா. பிறகு, லயத்துக் கதவுகளுக்கு அடித்து மிஞ்சிய நீலச் சாயத்தைக் கேட்டு வாங்கி வந்து பூசினார். பெரிய பிக்கப்பை இரண்டாண்டு கழித்துச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு வாத்தியக்காரரிடம் வாங்கினாராம். ஊமைப் பிக்கப்பை மட்டும் எறிய மனம் வராமல் டின்னில் போட்டு வைத்தார்.

ஆக, யாரோ கைபோன போக்கில் செய்த கெடுதல் என்று நானும் அண்ணனும் நினைத்தவை உண்மையில் ஒரு மனிதர் கையில் கிடைத்ததை வைத்துச் செய்த பழுதுபார்ப்பு. அவர் சீரமைத்ததை நாம் சீரமைக்கப் போகிறோம்.

“அப்ப இந்தக் குழியெல்லாம்?” என்று விரற்பலகையைக் காட்டினேன்.

பெரியம்மா சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. “அது பால்வெட்டுற கத்தியில செதுக்குனது.”

பால்வெட்டுக் கத்தியைப் பார்த்திராத இளம் ஆசிரியர்களுக்காக: அதன் முனை மடங்கி, உட்புறம் கூர்தீட்டிய சிறு வாய்க்கால் போல இருக்கும். மரப்பட்டையை ஆழம் போகாமல், தோலை மட்டும் சீவியெடுக்க வேண்டும். ஒரு நூல் ஆழம் மிகுந்தாலும் மரம் காயப்படும், மண்டோர் திட்டுவார். பதினைந்து வயதிலிருந்து நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் அந்தச் சீவலைப் பழகிய கை, 1978 வாக்கில் ஓர் இரவு கித்தாரின் விரற்பலகையில் இறங்கியிருக்கிறது. திருவிழாவுக்கு வந்த நாயனக்காரர் வாசித்ததைப் போல இவருக்கும் சுரங்களை வளைத்து இழுக்க வேண்டுமாம். மேலே உள்ள மெட்டுகளில் விரல்நுனி மரத்தில் உரசித் தடுக்கிறது. மரம் விலகினால் தந்தி தாராளமாக வளையும் என்று தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

“கரண்டு ராத்திரி ஒம்போது மணிக்கு மேல இருக்காது. நான்தான் மண்ணெண்ண வெளக்கப் புடிச்சிக்கிட்டு நின்னேன். கை ஆடுனா ஏசுவாரு. மூணு ராத்திரி” என்றார் பெரியம்மா.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் அதே 1970களில்தான் ஜான் மெக்லாஃப்லின் என்னும் ஆங்கிலேயக் கித்தார் மேதை, எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். கருநாடக இசையின் கமகங்களைக் கித்தாரில் கொண்டுவருவதற்காக, மெட்டுகளுக்கிடையே பள்ளம் எடுத்த விரற்பலகையோடு தனியாக ஒரு கித்தாரையே அவருக்காக ஆபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் செய்து தந்தார். பூச்சோங் லயத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த பெரியப்பா அந்தக் கித்தாரைப் பார்த்திருக்க வழியில்லை. தேவை ஒன்றானபோது இருவரும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நம் வீணையைப் பாருங்கள். அதன் 24 மெட்டுகளும் தண்டியிலிருந்து உயர்ந்து மெழுகின்மேல் நிற்கின்றன. விரல் தந்தியை இழுக்கும்போது கீழே மரம் தட்டுவதே இல்லை. பெரியப்பா கித்தாரில் செய்ய முனைந்தது ஏறக்குறைய இதைத்தான். அந்த மெழுகு நாளடைவில் தளர்ந்து சுரம் விலகும். அப்போது வீணைக்காரரை அழைத்துப் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டுவார்கள். பாட்டியின் வீணைக்கு மேளம் கட்டியதால் அது பாட்டியின் வீணை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பாலுசாமி தீட்சிதர் (1786-1858) ஐரோப்பிய வயலினை எடுத்து நம் இசைக்கு ஆக்கினார். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969-2014) மின்மாண்டலினின் இரட்டைத் தந்திகளை விடுத்து, ஒற்றைத் தந்திகளாக ஐந்து கட்டி வாசித்தார். அவருடைய மாண்டலினை ‘மூல நிலைக்கு’ மீட்கிறேன் என்று எவரேனும் கிளம்பினால் நாம் சும்மா விடுவோமா?

பழம்பொருள் சேகரிப்போர் உலகத்தின் கணக்கு வேறு. கடையிலிருந்து வந்தபடியே, அதே சாயம், அதே ஆணி, உள்ளே அதே பற்றவைப்பு இருந்தால்தான் அவர்களுக்கு முழு விலை. மறுசாயம் பூசினாலே மதிப்புப் பெருமளவு சரிந்துவிடும். ஆனால் அவர்களே விழுந்து விழுந்து வாங்குவதும் உண்டு, வாசித்தவர் பெரிய மனிதராக இருந்தால். பிங்க் ஃபுளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 1970 இல் நியூயார்க்கில் ஒரு கறுப்பு ஃபெண்டர் கித்தார் வாங்கினார். கறுப்பு என்பதே பழைய சாயத்தின்மேல் பூசிய சாயம். பிக்கப்புகளை மாற்றினார், கழுத்தைப் பலமுறை மாற்றினார், 1980களில் வேறு வகைப் பாலம் பொருத்த மரத்தையே வெட்டினார். பிறகு அதை ஓர் உணவகத்தில் காட்சிக்குக் கொடுத்து, 1990களில் திரும்பப் பெற்று, வெட்டிய இடத்தை மரம் வைத்து அடைத்து மீண்டும் வாசித்தார். 2019 சூன் மாதம் ஏலத்தில் அது 39 லட்சத்து 75 ஆயிரம் அமெரிக்க டாலருக்குப் போனது! அவர் கைபட்ட வெட்டுகளுக்கு விலை உண்டு. பெரியப்பா கைபட்ட வெட்டுகளுக்கு 2,400 வெள்ளி கூலி கொடுத்து அழிப்பு. இதை நினைத்தபோது எனக்குச் சிறிது கோபமே வந்தது.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, கட்டுரைப் போட்டிக்கு அனுப்புவதற்காக ஆண்டு 5 மாணவன் ஒருவனின் கட்டுரையைத் திருத்தினேன். ‘எங்கள் வீட்டு நாய்’ என்பது தலைப்பு. அவன் எழுதியதில் வல்லினம் இடறியது, வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஆனால் நாய் செத்த அன்று அதன் தண்ணீர்க் கிண்ணத்தை யார் கழுவுவது என்று வீட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதை எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, ‘எங்கள் துயரத்திற்கு எல்லையே இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். வட்டார நிலையில் இரண்டாம் பரிசும் வந்தது. சான்றிதழ் வாங்க வந்த அவன் அம்மா கட்டுரையைப் படித்துவிட்டு, “டீச்சர், இது நல்லா இருக்கு. ஆனா என் பையன் எழுதுன மாதிரி இல்லையே” என்றார். குறை சொல்லும் தொனியில் இல்லை, வியப்பாகத்தான் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தக் கிண்ணம் எங்கே போயிற்று? நான்தான் உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன்.

இத்தனையையும் சேர்த்துக்கொண்டு, வழக்கறிஞர் போல அண்ணனிடம் பேசினேன். கில்மோர், வீணை, சக்தி, பால்வெட்டுக் கத்தி எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

“ஒனக்கு அந்த நீல கித்தார்னா தீபாவளி, திண்ணை, பாட்டு. லீவுக்கு வருவ, போயிருவ. எனக்கு அப்படி இல்ல பாப்பா. அந்த நீலத்தைப் பாத்தா எனக்கு சம்சு வாடைதான் வருது. பேண்டு கலைஞ்சி போயி, தோட்டத்த வித்து, சம்சு குடிச்சிட்டு, ராத்திரி பூரா அதை வச்சி இழுத்துக்கிட்டே இருப்பாரு. அம்மா அடி வாங்குன ராத்திரியெல்லாம் அந்தச் சத்தம் இருக்கும். அப்பா சந்தோசமா இருந்து நான் பாத்தது அந்தப் போட்டோவுல மட்டும்தான். அதுவும் நான் பொறக்கறதுக்கு முந்தி.”

என்னிடம் பதில் இல்லை. இருபது நிமிடம் உரை நிகழ்த்திய ஆசிரியைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பெரியப்பா குடிப்பார் என்று தெரியும். பெரியம்மா அடி வாங்கியது தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேன். வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதைக் கேட்காதது போல இருந்திருக்கிறேன் என்பதே சரி. நான் கையுரை போட்டுக் காப்பாற்ற நினைத்த அந்த நீலச் சாயம் அவருக்கு அப்படி ஒன்று. அவர் அதை அழிக்க விரும்பியதில் என்ன தவறு? நான் மாணவனின் கட்டுரையைத் திருத்தியதும் இதுவும் ஒன்றல்ல. இது அவருடைய வாழ்க்கை.

ஒரு மாதம் கித்தார் அப்படியே கிடந்தது. பழுதுபார்ப்பவர் இரண்டு முறை கைப்பேசியில் அழைத்துக் கேட்டுவிட்டார். இறுதியில் அண்ணனே சொன்னார், “அம்மாகிட்ட கேளு. அவங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய்.” நாங்கள் இருவரும் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

பெரியம்மா நெடுநேரம் யோசிக்கவில்லை. “சாயத்தை என்னமோ பண்ணுங்க. நீலம், செவப்பு, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். அந்தப் பலகையை மாத்தாதீங்க” என்றார்.

“ஏன் பெரியம்மா?” என்று நான் கேட்டேன்.

“மூணு ராத்திரி வெளக்கு புடிச்சேன்ல.”

அவ்வளவுதான் சொன்னார். அந்த மூன்று இரவுகளில் பெரியப்பா குடித்திருக்கவில்லை என்று நானாக ஊகித்துக்கொள்கிறேன். கேட்கவில்லை. கேட்கும் துணிவு இல்லை.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். விரற்பலகையைத் தொடுவதில்லை. தேய்ந்த மெட்டுகளில் இரண்டை மட்டும் பழுதுபார்ப்பவர் தட்டிச் சமன்செய்தார். புதுப் பலகைக்குத் தோதகத்தி மரம் கிடைக்குமா, அனுமதி வேண்டுமா என்ற கவலையும் ஒழிந்தது. (2017 முதல் அம்மரக்குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019 இல் விலக்குக் கொடுத்தார்கள்.) உளியால் குடைந்த குழியையும் பெரிய பிக்கப்பையும் அப்படியே விட்டோம். உள்ளே அறுந்த கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தோம். கழற்றிய பழைய கம்பிகள் ஓர் உறையில் இருக்கின்றன. டின்னிலிருந்த பொன்தகட்டுப் பிக்கப்பை மீட்டர் வைத்துப் பார்த்தார், சுருள் அறுந்திருந்தது. முடியைவிட மெல்லிய கம்பி அது. சுற்றித் தரலாம் என்றார். வேண்டாம், பிறகு யாருக்காவது வேண்டுமானால் சுற்றிக்கொள்ளட்டும் என்று டின்னிலேயே போட்டுவிட்டேன். எதைச் செய்தாலும் நாளை ஒருவர் அதைத் திருப்பிவிட முடியுமா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டோம். எல்லாம் சேர்த்து 380 வெள்ளி.

சாயம்? அது அண்ணனின் உரிமை என்று விட்டேன். எடுக்க வேண்டுமென்றால் தகுந்த இடத்தில், முகக்கவசத்தோடு முறையாக எடுத்துத் தருவதாகப் பழுதுபார்ப்பவரும் சொன்னார். அண்ணன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. புகைப்படத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

தீபாவளிக்கு மறுநாள் எல்லாரும் கிள்ளானில் கூடினோம். இரவல் வாங்கிய சிறிய ஒலிபெருக்கியோடு கித்தாரையும் கொண்டு போயிருந்தேன். அண்ணன் மகள் கித்தார் வகுப்புக்குப் போகிறவள். ‘எதுக்கு இங்க ஓட்டை ஓட்டையா இருக்கு?’ என்று கேட்டுக்கொண்டே பன்னிரண்டாம் மெட்டில் விரலை வைத்து வளைத்தாள். சுரம் எங்கேயோ ஏறிப்போய் இறங்கியது. அவளே பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். பிறகு மறுபடியும் செய்தாள். இரைச்சலும் உறுமலும் சேர்ந்த சத்தம். பழைய நாயனம் என்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்குப் பழக்கமான சத்தம்.

அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. வெளியே போகவுமில்லை. சற்று நேரம் கழித்து வந்து, மைலோ டின்னைத் திறந்து, அந்த வளைந்த இரும்புக் கம்பியை எடுத்துப் பார்த்தார். புகைப்படத்தில் பெரியப்பாவின் வலக்கை பிடித்திருப்பது அதைத்தான். அழுத்தினால் சுரம் நடுங்கும். பாலத்தின் துளையில் பொருத்திப் பார்த்தார். துரு ஏறியிருந்ததால் இறங்கவில்லை.

“மண்ணெண்ணெயில ஊறப் போட்டா சரியாயிரும்” என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது: “சத்தத்தைக் கொறைங்க புள்ளைங்களா, பக்கத்து வூட்டுல தூங்க வேணாமா?”

கம்பியை அண்ணன் இன்னும் திருப்பித் தரவில்லை.